இரண்டு சீட்டும் ஒரே பையில்

(தாம்பரத்தில் பொதுமக்களுக்காக நடந்த மருத்துவச் சொற்பொழிவு வரிசையில், குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்நிலை மருத்துவம் பார்ப்பவர்கள் மரபு மருத்துவத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். ஒரு மஞ்சப்பையிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சேலையூரிலிருந்து ஓர் அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். பதினைந்து வருடமாகச் சுகர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பழைய ரிப்போர்ட்டைக் கேட்டேன். பையைத் துழாவினார். கண்ணாடிக் கூட்டோடு சேர்ந்து இரண்டு ஓ.பி. சீட்டுகள் மேசையில் விழுந்தன. ஒன்று அரசு மருத்துவமனைச் சீட்டு. மற்றது ஒரு சித்த மருத்துவமனைச் சீட்டு. இரண்டாவதை மட்டும் அவசர அவசரமாகப் பைக்குள் தள்ளினார்.

"அது என்னம்மா?"

"அது ஒண்ணும் இல்ல சார். சும்மா, கால் வலிக்கு."

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"முன்ன ஒரு தடவ சொன்னேனே சார். நீங்க கோவப்பட்டீங்க. அப்புறம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அந்தக் கோபம் எனக்கு நினைவில் இல்லை. அவருக்கு இருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு மாதமாக அவருக்கு விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்க்கும், கை நடுங்கும். சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. சித்த மருத்துவர் கொடுத்தது மூட்டுக்கு ஒரு தைலமும் ஒரு சூரணமும். அதில் பிழையில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி, காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டு வந்திருக்கிறார். நான் கொடுத்த மாத்திரை சர்க்கரையை இறக்கும். சிறுகுறிஞ்சானும் இறக்கும். இரண்டும் சேர்ந்து அவரை விடியற்காலையில் கீழே தள்ளிவிட்டன. அந்தப் பொடியை அவர் என்னிடமும் சொல்லவில்லை, சித்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. இரண்டு மருத்துவர்கள் பார்த்த ஒரே உடம்பில் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாமல் இருந்தது.

அன்று முதல் நான் நம்புவது இதுதான்: நம் ஊரில் ஆபத்து சித்த மருந்திலும் இங்கிலீஷ் மருந்திலும் இருப்பதைவிட, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மௌனத்தில் அதிகம் இருக்கிறது. அந்த மௌனத்தைப் பெரும்பாலும் நாங்கள், மருத்துவர்கள்தான், உண்டாக்கினோம்.

இது தாம்பரத்துக்கு மட்டும் உரிய கதையும் அன்று. அமெரிக்காவில் டேவிட் ஐசன்பெர்க் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990இல் ஓர் ஆய்வு நடத்தி 1993இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் முந்தைய ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு மாற்றுச் சிகிச்சையை நாடியிருந்தார். அவர்களில் 72 சதவீதம் பேர் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. நம் நாட்டில் 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் ஆயுர்வேதம், யோகா, சித்தா, ஹோமியோபதி போன்றவை அடங்கிய ஆயுஷ் மருத்துவம் பற்றித் தனியாகக் கணக்கெடுத்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் கிராமத்தில் 46 சதவீதம் பேரும் நகரத்தில் 53 சதவீதம் பேரும் ஏதாவது ஒரு வகையில் ஆயுஷ் முறைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதாவது என் கிளினிக் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர். இவர்களில் எத்தனை பேர் தாமாக என்னிடம் சொல்கிறார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடப் புத்தகங்கள் இதைத் துணைச் சிகிச்சை என்றும் மாற்று மருத்துவம் என்றும் சொல்கின்றன. எதற்குத் துணை, எதற்கு மாற்று? நம் வீட்டில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் முதலில் வருவது கற்பூரவல்லி. மாத்திரை அதற்குப் பிறகுதான். பிள்ளை பெற்றவளுக்குச் செலவு மருந்து இடித்துக் கொடுத்த பாட்டி, தான் மாற்று மருத்துவம் செய்வதாக நினைக்கவில்லை. சித்த மருத்துவம் படித்தவர் ஐந்தரை ஆண்டு கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். உடற்கூறும் உடலியங்கியலும் அவருக்கும் பாடம்தான். அவரைத் துணை என்று அழைத்துவிட்டு அவரோடு சமமாக உட்கார்ந்து பேச முடியாது. ஆகவே மரபு மருத்துவம் என்றே சொல்கிறேன்.

இப்போது தலைப்புக்கு நேராக வருகிறேன். என்னைப் போன்ற குடும்ப மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? மேடவாக்கம், முடிச்சூர், பம்மல், பெருங்களத்தூர் என்று இந்தப் பக்கத்தில் தொழில் செய்யும் சகாக்களோடு முப்பது வருடமாகப் பேசிவருகிறேன். அவர்களிடம் நான் கண்டது மூன்று விதம்.

ஒன்று, கோபம். இதை நீங்கள் கர்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல்நிலை மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் கதையின் கடைசி அத்தியாயம். காமாலைக்கு எங்கோ மந்திரித்துக் கயிறு கட்டி, பத்தியம் இருந்து, மூன்று வாரம் கழித்து நினைவு தப்பிய நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். இழுப்புக்கு ஒரு பொட்டலப் பொடி வாங்கிச் சாப்பிட்டு, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி வருவார்கள். லேபிள் இல்லாத அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்கள் உண்டு. மரபு மருந்தால் நலமானவர் எங்களைத் தேடி வருவதில்லை. கெட்டுப்போனவர்தான் வருகிறார். ஆகவே எங்கள் பார்வை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சித்த மருத்துவர் பக்கமும் இதேதான். இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டு வயிறு புண்ணானவர்தான் அவரிடம் போகிறார். மாத்திரையால் நலமானவரை அவர் பார்ப்பதில்லை.

இரண்டு, இரட்டை வாழ்க்கை. கிளினிக்கில் கஷாயத்தைக் கண்டிக்கும் மருத்துவர் வீட்டில் அம்மா கொடுக்கும் சுக்குக் கஷாயத்தை மறுப்பதில்லை. காய்ச்சல் காலத்தில் நிலவேம்பு வாங்கி வைக்காத மருத்துவர் வீடு இங்கே குறைவு. நம்பிக்கை வீட்டில், மறுப்பு நாற்காலியில். நோயாளிகள் இதை அறிவார்கள்.

மூன்றாவது, இதுதான் பெரும்பான்மை, ஒதுங்கிப் போவது. "நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல; உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுவது. ஒரு மணி நேரத்தில் முப்பது பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவருக்கு இது வசதியான பதில். ஆனால் பொறுப்பான பதில் இல்லை.

இதில் இன்னொருவர் இருக்கிறார். 2005இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் வந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆயுஷ் மருத்துவர்களையும் அமர்த்த வேண்டும் என்று முடிவானது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் சித்த மருத்துவப் பிரிவாக அமைந்தது. ஒரே கட்டடம், ஒரே திண்ணை. ஆனால் பல இடங்களில் சித்த மருத்துவரின் அறை வராந்தாவின் கடைசியில். ஒரு கையொப்பம், ஒரு நலவிசாரிப்பு, அதோடு சரி. அந்த அறையிலிருந்து எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிவோம் என்று நாங்கள் யோசிப்பதில்லை. அரசு ஆயுர்வேத மருத்துவர்கள் நவீன மருத்துவர்களுக்கு இணையான ஊதியம் கேட்க முடியாது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் சட்ட நியாயத்தை நான் விவாதிக்க வரவில்லை. பக்கத்து அறைக்காரரின் மனதில் அது என்ன செய்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நண்பர்களே, இந்த ஊர் மண்ணே இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளாகப் பதில் தேடிவருகிறது. கேளுங்கள்.

சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியத்தை நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் நோயுற்றபோது சிறிது காலம் தங்கியது அவருடைய அந்தச் சானடோரியத்தில்தான். அன்று காசநோய்க்கு மாத்திரை கிடையாது. திறந்த வெளிக் காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, இவையே சிகிச்சை. சவரிமுத்து நவீன மருத்துவம் படித்தவர். அவரே பண்டைய இந்திய மருத்துவத்தின் தொன்மையைப் பற்றி நூலும் எழுதினார். இரண்டையும் ஒரே மனதில் வைத்திருந்த மனிதர்.

பிறகு மருந்து வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம். அங்கே ஒரு கேள்வியைச் சோதித்தார்கள்: காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே முடியுமா? இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல உணவோடும் ஓய்வோடும். மறு பாதி நெரிசலான சென்னைக் குடிசைகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? சானடோரிய வாசம் நாட்டு வைத்தியர் சொன்னதில்லை. நவீன மருத்துவம் பல பத்தாண்டுகளாக நெஞ்சார நம்பியது. அதற்காக மலையிலும் காட்டிலும் கட்டடங்கள் கட்டியது. அப்படிப்பட்ட நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்து, தேவையில்லை என்று தெரிந்ததும் கைவிட்டது. ஒரு மருத்துவ முறைக்கு மரியாதை வருவது அதன் வயதால் இல்லை. தன்னையே சோதித்துக்கொள்ளும் துணிவால். மரபு மருத்துவத்திடமும் நான் கேட்பது அதைத்தான். குறைவாகவும் கேட்கவில்லை, கூடுதலாகவும் கேட்கவில்லை.

நம் தாம்பரம் சானடோரியத்தின் அடுத்த அத்தியாயம் எச்.ஐ.வி. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். தொண்ணூறுகளில் மற்ற மருத்துவமனைகள் கதவைச் சாத்தியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்தது. மேல்நாட்டில் கூட்டு மருந்து வந்துவிட்டது. ஆனால் ஓராண்டுச் செலவு நம் நோயாளிகள் கனவிலும் எட்டாதது. அப்போது மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் செ.நெ. தெய்வநாயகம். நெஞ்சக மருத்துவத்தில் தேர்ந்த நவீன மருத்துவர். தன் நோயாளிகளுக்கு வெறுங்கையை விரிக்க மனமில்லாமல் சித்த மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். எடையைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார், முடிவுகளை 2001இல் இந்திய மருத்துவர்கள் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்.

அவரைப் பலர் விமர்சித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத இன்னொரு குழு இல்லை. இரசகந்தி மெழுகில் பாதரசமும் கந்தகமும் சேர்கின்றன. ஆகவே முடிவை உறுதியாக ஏற்க முடியாது என்றார்கள். அந்த விமர்சனம் சரியானதே. ஆனால் தெய்வநாயகம் செய்ததில் நான் வணங்குவது ஒன்று உண்டு. அவர் மறைக்கவில்லை. எழுதி வெளியிட்டு, மற்றவர்கள் கேள்வி கேட்க வழிவிட்டார். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்து உயிரைக் காக்கும் என்பது ஐயமறத் தெரிந்தது. இன்று எச்.ஐ.வி. உள்ளவர் அந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. உடம்பு தேற நெல்லிக்காய் லேகியம் சாப்பிட விரும்பினால் இரு மருத்துவருக்கும் தெரிந்து சாப்பிடட்டும். மாத்திரைக்குப் பதிலாக என்றால், கூடாது. கூடவே என்பதற்கும் பதிலாக என்பதற்கும் நடுவில்தான் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன.

அடுத்த ஆண்டே, 2005 செப்டம்பர் 3ஆம் தேதி, அதே சானடோரியத்தில் பிரதமர் மன்மோகன் சிங் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் திறந்துவைத்தார். அதன் மருத்துவமனைக்குச் சித்த மருத்துவரும் சமூகச் சிந்தனையாளருமான அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். நெஞ்சக மருத்துவமனையும் சித்த மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஊர் இது. இரண்டும் பேசிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் எங்கே?

பேசிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. காமாலைக்குக் கீழாநெல்லி என்று நமக்கெல்லாம் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார்கள். அந்த வைரஸை உடம்பில் சுமந்தவர்களுக்கு 30 நாள் மருந்து கொடுத்தார்கள். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லி பொய் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆய்வு போதாது என்று சொல்கிறேன். கீழாநெல்லி குடித்துக் காமாலை இறங்கியது என்று சொல்பவர்களிடம் நான் இன்னொன்றும் சொல்வேன்: தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும். பித்தக்குழாயில் கல் அடைத்து வந்த காமாலை எந்த இலையாலும் இறங்காது. எந்தக் காமாலை என்று ரத்தத்தைச் சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு கீழாநெல்லி குடித்தால் எனக்கு மறுப்பில்லை.

நித்தியகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்க யோசிக்கிற செடி. பல நாடுகளில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குச் சாப்பிட்டார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை 1950களில் ஆராய்ந்தார்கள். சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் எலிகளின் ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தக் கவனிப்பிலிருந்துதான் புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின் பிறந்தது. அதே செடியிலிருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்த உதவும் வின்கிரிஸ்டினும் வந்தது. நம் வேலியோரச் செடியில் இவ்வளவு பெரிய மருந்து இருந்தது உண்மை. அதையே சுகருக்கென்று தினமும் மென்று வந்தால் கேடு நேரலாம் என்பதும் உண்மை. இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று பொருளில்லை. எட்டிக்காயும் இயற்கைதான்.

ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் அரிஸ்டலோகிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானபோதுதான், 1993இல், இது உலகத்துக்கு உறைத்தது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பற்பமும் செந்தூரமும் முறைப்படி புடமிட்டால் உலோகம் உலோகமாக இருக்காது என்று சித்த மருத்துவர்கள் சொல்கிறார்கள். முறைப்படி புடமிட்டது எது, இடாதது எது என்று வாங்குகிற அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்து, முடிவை டப்பாவின் மேல் அச்சிட்டால் தெரியும். அதைக் கேட்க வேண்டியது நாம் எல்லோரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாங்கள் கொடுப்பது இரும்பு மாத்திரை. சித்த மருத்துவர் கொடுப்பது அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது வேதியியலில் இரும்பு சல்பேட். எங்கள் மாத்திரையின் மூலப்பொருளும் பெரும்பாலும் அதுவே. அவர் அதைப் புடமிட்டுச் செந்தூரமாக்குகிறார். நாங்கள் ஃபோலிக் அமிலம் சேர்த்து மாத்திரையாக்குகிறோம். ஒரே இரும்பை இருவரும் கொடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த வடிவம் உடம்பில் நன்றாகச் சேர்கிறது, எதில் வயிற்று எரிச்சல் குறைவு என்று சேர்ந்து சோதிக்கலாமே!

நிலவேம்புக்கு வருகிறேன். 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை மருத்துவமனைகளில் வழங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது பொருள் சேர்ந்தது அது. 2017இல் ஆராய்ச்சி முடிவு வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் எழுதியதும் தமிழ்நாடே இரண்டு கட்சியானது. அந்தச் சண்டையில் ஒரு விஷயம் காணாமல் போனது. டெங்குவில் பலர் ஆபத்துக்குள்ளாவது காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை. காய்ச்சல் விடும் வேளையில், அதாவது காய்ச்சல் தொடங்கியதிலிருந்து மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். குடிநீர் குடித்தேன், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்கும் அந்த நேரம்தான் கண்டம். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிலவேம்பு கொடுக்கும் ஒவ்வொரு கையும் இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தால் எனக்கு அந்தக் கையோடு சண்டையில்லை. மழை வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் காய்ச்சல் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் கோடு எங்கே? நீண்ட நாள் மூட்டு வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, மன இறுக்கம் போன்றவற்றில் யோகா, எண்ணெய், பத்தியம், நல்ல சித்த மருத்துவரின் கவனிப்பு ஆகியவற்றை நான் தடுப்பதில்லை. அவர் நோயாளியோடு செலவிடும் நேரமே பாதி மருந்து. அதை நாங்கள் அவரிடம் கற்க வேண்டும். நெஞ்சு வலி, பக்கவாதம், காசநோய், எச்.ஐ.வி., புற்றுநோய், பாம்புக்கடி, நாய்க்கடி, இன்சுலின் தேவைப்படும் குழந்தையின் சர்க்கரை ஆகியவற்றில் ஒரு மணி நேரத் தாமதத்தையும் ஒரு வேளை மருந்து நிறுத்தத்தையும் நான் ஏற்கமாட்டேன். காசநோய் மாத்திரை சூடு, சிறுநீர் செக்கச்செவேலென்று போகிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். அந்த நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். ரத்தம் இல்லை, சூடும் இல்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்கமாட்டார். சொல்லாதது எங்கள் குறை.

முடிக்கிறேன். மூன்று பேரிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு.

என் சக மருத்துவர்களே, செவிலியர்களே: ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க? கஷாயம், பொடி, லேகியம், கடையில வாங்கினது எதுவா இருந்தாலும் சொல்லுங்க." கேட்கும்போது புருவத்தை உயர்த்தாதீர்கள். பதிலைச் சீட்டில் எழுதுங்கள். வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்களும் அடுப்படியில் இருக்கும் டப்பாவை ஒரு பார்வை பார்த்துக் குறித்து வரட்டும்.

சித்த மருத்துவர்களே: நீங்களும் எங்கள் மாத்திரைப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் மருந்தால் தீங்கு நேர்ந்தால் மறைக்காமல் பதிவு செய்யுங்கள். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தொகுக்க நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு ஒரு மையம் நம் தாம்பரத்திலேயே இருக்கிறது. வராந்தாவின் கடைசி அறையிலிருந்து முதல் அறைக்கு வந்து எங்களைக் கேள்வி கேளுங்கள். அடுத்த முறை நான் எழுந்து வருகிறேன்.

தாய்மார்களே, பெரியவர்களே: உங்கள் பையில் இரண்டு சீட்டு இருப்பது தவறில்லை. ஒன்றை மறைப்பதுதான் ஆபத்து. எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டையும் மேசைமேல் வையுங்கள். கோபப்படும் மருத்துவரிடம் சொல்லுங்கள், "தெரிஞ்சா உங்களுக்குத்தானே நல்லது டாக்டர்" என்று. அன்றைக்குக் கோபப்பட்ட மருத்துவன் நான். சேலையூர் அம்மா இப்போது வரும்போது நான் கேட்பதற்கு முன்பே இரண்டு சீட்டையும், பொடி டப்பாவையும் எடுத்து வைக்கிறார். அந்தப் பொடியை நிறுத்திய பிறகு அவருக்கு விடியற்காலையில் வியர்க்கவில்லை.